பேண்டை விட்டு நாவலுக்குப் போகிற தம்பிக்கு

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகர் ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு வயது 34. சர்ச் பாடகர் குழுவில் கிட்டார் பிடிக்கக் கற்றுக்கொண்டு, கல்லூரியில் மூன்று நண்பர்களோடு சேர்ந்து ஒரு ராக் பேண்ட் தொடங்கினார். முருகன்குறிச்சியில் ஒரு மொட்டைமாடி அறை. பக்கத்து வீட்டு ஆச்சி சத்தம் போடாமல் இருக்க, சுவரெல்லாம் கோரைப்பாயைத் தொங்கவிட்டுப் பயிற்சி எடுத்திருக்கிறார்கள். பதினோரு வருடம் ஓடியிருக்கிறது. கல்லூரி விழாக்கள், கல்யாண வரவேற்புகள், மதுரையிலும் பெங்களூரிலும் சில மேடைகள். சொந்தப் பாட்டு 14. எல்லாவற்றுக்கும் வரி எழுதியது இவர். மெட்டு மட்டும் நால்வரும் உட்கார்ந்து வாசித்து வாசித்துப் பிடித்தது. 2019-ல் அதில் எட்டுப் பாட்டை ஓர் இசை நிறுவனம் வெளியிட்டது. நால்வரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவரும் அதைப் படிக்கவில்லை.

மூன்று வருடமாக எழுதி இப்போது ஒரு நாவலை முடித்திருக்கிறார். நெல்லைப் பேச்சிலேயே, நான்கு பையன்களின் பேண்டைப் பற்றிய கதை. “அக்கா, இனிமேல் எனக்கு எழுத்துதான். நிக் கேவ் இசையை விட்டுவிட்டு நாவலாசிரியர் ஆன மாதிரி நானும் மொத்தமாக மாறப் போகிறேன்” என்கிறார். பேண்டிலிருந்து விலகியதும் தன் வரிகளை நண்பர்கள் மேடையில் பாடக் கூடாது என்று நோட்டீஸ் அனுப்ப முடியுமா, அந்த வரிகளை நாவலில் அச்சடிக்கலாமா, பெயரை மாற்றிவிட்டால் டிரம்மர் வழக்குப் போட முடியுமா என்று கேட்கிறார். ஒரு பதிப்பகம் 45,000 ரூபாய் கேட்கிறது, 300 பிரதி அச்சடித்துத் தருமாம். அதற்காகக் கிட்டாரையும் ஆம்ப்ளிஃபயரையும் விற்கப் போகிறார். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, நான்கு வயதில் ஒரு மகள்.

தம்பி, நான் வக்கீல். நாவல் நன்றாக இருக்கிறதா என்று சொல்வது என் வேலை இல்லை. ஆனாலும் நீங்கள் இணைத்திருந்த முதல் அத்தியாயத்தை இரண்டு தடவை படித்தேன். அந்தக் கோரைப்பாய் அறையின் புழுக்கம் எனக்கு மூச்சு முட்டியது. எழுதத் தெரிந்தவர் நீங்கள். அதனால்தான் இந்தப் பதில் கொஞ்சம் நீளமாகப் போகிறது.

முதலில் நிக் கேவ் விஷயம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ராக் பாடகரான அவர் எதையும் விடவில்லை. அவருடைய ‘பேட் சீட்ஸ்’ குழு 1983-ல் தொடங்கியது. முதல் நாவல் 1989-ல் வந்தது, இரண்டாவது 2009-ல். நடுவில் இருந்த இருபது வருடமும் அவர் ஆல்பம் போட்டுக்கொண்டும் மேடை ஏறிக்கொண்டும்தான் இருந்தார். ஜப்பானில் ஹிதோனாரி சுஜி ‘எக்கோஸ்’ என்ற ராக் குழுவை நடத்தியவர். 1989-ல் அவருடைய முதல் நாவலுக்கு சுபரு இலக்கியப் பரிசு கிடைத்தபோது குழு இருந்தது. அது கலைந்தது 1991-ல். 1997-ல் அந்நாட்டின் பெரிய இலக்கிய விருதான அக்குதாகவா பரிசும் வாங்கிவிட்டார். அமெரிக்காவில் வில்லி வ்லாட்டின் வீடுகளுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டே ‘ரிச்மண்ட் ஃபான்டெய்ன்’ குழுவுக்குப் பாட்டு எழுதிப் பாடியவர். முதல் நாவல் 2006-ல் வந்தது. அதற்கு அப்புறமும் பத்து வருடம் குழு ஓடியது. கனடாப் பாடகர் லெனர்ட் கோஹன் இதற்கு நேர் எதிர்: இரண்டு நாவல் வந்த பிறகுதான், 1967-ல், முதல் ஆல்பம்.

ஒன்றை அறுத்தால்தான் இன்னொன்று வளரும் என்று நீங்களாக முடிவு செய்திருக்கிறீர்கள். அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. விலகுவது உங்கள் உரிமைதான், மனம் இல்லாமல் மேடையில் நிற்க வேண்டாம். ஆனால் நாவலுக்காக விலக வேண்டும் என்று நினைத்து விலகாதீர்கள்.

பதினான்கு பாட்டும் யாருடையது

“வரி என்னுடையது, அதனால் பாட்டும் என்னுடையது” என்று எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டம் ஒரு பாட்டை மூன்றாகப் பிரிக்கிறது. வரிகள் இலக்கியப் படைப்பு. மெட்டு இசைப் படைப்பு. பதிவு செய்த ஒலி மூன்றாவது, அது தனி உரிமை. வரியை நீங்கள் ஒருவரே எழுதியிருந்தால் அதன் முதல் உரிமையாளர் நீங்கள்தான். மெட்டை நால்வரும் சேர்ந்து, யார் பங்கு எது என்று பிரிக்க முடியாதபடி உண்டாக்கியிருந்தால் அது கூட்டுப் படைப்பு, நால்வருக்கும் சொந்தம். ஒலிப்பதிவின் உரிமை, அதைத் தயாரிக்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டவருக்கு. ஸ்டுடியோவுக்கு யார் பணம் கட்டினார்கள் என்று கடிதத்தில் இல்லை. அதைத் தேடிப் பாருங்கள்.

ஆக, நோட்டீஸ் அனுப்ப முடியுமா? வரிகளைப் பொறுத்தவரை, வெளியாகாத ஆறு பாட்டுக்குச் சட்டப்படி வாதம் இருக்கிறது. ஆனால் பதினோரு வருடம் அவர்கள் பாடுவதற்குச் சம்மதித்துக் கூடவே நின்று வாசித்தவர் நீங்கள் என்பது எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் வரியாக இருக்கும். மெட்டில் அவர்களுக்கும் பங்கு இருப்பதால், அதே பாட்டை நீங்கள் தனியாக இன்னொருவருக்குக் கொடுக்கவும் முடியாது. வரி உங்களிடம், மெட்டு நால்வரிடம் என்று பூட்டு ஓரிடம் சாவி ஓரிடமாகக் கிடக்கும். பாட்டு செத்துப்போகும். என் அலுவலகத்துக்கு இப்படி ஒரு மெல்லிசைக் குழு வந்தது. அண்ணன் தம்பி சண்டை. ஸ்பீக்கர் செட்டும் குழுவின் பெயரும் யாருக்கு என்று மூன்று வருடம் முன்சீப் கோர்ட்டில் இழுத்தது. தீர்ப்பு வருவதற்குள் செட் துருப்பிடித்துவிட்டது, இரண்டு பேருக்கும் கச்சேரி வாய்ப்பும் போய்விட்டது. நோட்டீஸ் வேண்டாம், தம்பி. நானே எழுதித் தரமாட்டேன்.

நாவலில் வரிகளை அச்சடிப்பதற்கு விடை 2019 ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஒலிப்பதிவை மட்டும் எழுதிக் கொடுத்திருந்தால் கவலையில்லை, வரிகளை நாவலில் போடலாம். ‘இலக்கிய, இசைப் படைப்புகளின் எல்லா உரிமைகளும்’ என்ற மாதிரி இருந்தால், அந்த எட்டுப் பாட்டின் வரிகளை அச்சடிக்க நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். நீங்களே எழுதிய வரிக்கு நீங்களே அனுமதி கேட்பது வலிக்கும், ஆனால் சட்டம் அப்படித்தான். ஒப்பந்தத்தில் எத்தனை வருடம் என்று எழுதாமல் விட்டிருந்தால் ஐந்து வருடத்தோடு அந்த உரிமை முடிந்துவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அப்படியானால் உங்களுடையது 2024-லேயே திரும்பி வந்திருக்கும். எந்த நாட்டுக்கு என்று எழுதவில்லை என்றால் இந்தியாவுக்கு மட்டும். இன்னொன்று, 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும் ராயல்டியில் தங்களுக்குள்ள சமபங்கை நிறுவனத்துக்கு விட்டுக்கொடுக்க முடியாது. விட்டுக்கொடுத்ததாகக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்த ஷரத்து செல்லாது. நீங்கள் நால்வரும் இதுவரை ஒரு ரூபாய்கூடக் கேட்கவில்லை என்று தெரிகிறது. ஐபிஆர்எஸ் என்ற பதிவுபெற்ற அமைப்பு பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தருகிறது. உறுப்பினர் ஆகுங்கள், நண்பர்களையும் ஆகச் சொல்லுங்கள்.

உங்கள் வரிகளைவிடப் பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் ஓர் ஆங்கில ராக் பாட்டிலிருந்து இரண்டு வரி போட்டிருக்கிறீர்கள். “இரண்டு வரிதானே” என்று நினைப்பது பெரிய தவறு. பாட்டே இருபது வரி என்றால் இரண்டு வரி கணிசமான பங்கு. விமர்சனம் எழுதும்போது மேற்கோள் காட்ட நம் சட்டம் இடம் கொடுக்கிறது. நாவலின் அத்தியாயத்துக்கு அலங்காரமாக வைப்பதற்கு அந்த இடம் பொருந்துவது கஷ்டம். பாட்டின் தலைப்பைச் சொல்லலாம், பேண்டின் பெயரைச் சொல்லலாம், அந்தப் பாட்டைக் கேட்டபோது உடம்பு எப்படி நடுங்கியது என்று பக்கம் பக்கமாக எழுதலாம். வரிகளை மட்டும் எடுத்துவிடுங்கள். தலையில் ஏதாவது வேண்டும் என்றால், பாரதி பாடல்கள் நாட்டுடைமை, தாராளமாக எடுக்கலாம். உங்கள் ஆச்சி பாடிய தாலாட்டு இருந்தால் அதையே போடுங்கள்.

நால்வரும் ஒரு மேஜையில்

‘எங்களுக்குள் எழுத்தில் எதுவும் இல்லை, அதனால் பிரச்சினையும் இல்லை’ என்கிறீர்கள். சேர்ந்து தொழில் செய்து லாபத்தைப் பங்கு போட்டுக்கொண்டால், பத்திரம் இல்லாவிட்டாலும் அதைக் கூட்டாண்மையாகப் பார்க்க 1932-ஆம் வருடச் சட்டம் இடம் கொடுக்கிறது. பாஸ் கிட்டார் வாசிப்பவரின் வங்கிக் கணக்கில்தான் எல்லாப் பணமும் வந்தது, மிக்ஸர் எல்லோர் காசிலும் வாங்கியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விலகும்போது கணக்குப் பார்த்தே ஆக வேண்டும். அடுத்த இரண்டு மாதத்துக்கு அட்வான்ஸ் வாங்கிய நிகழ்ச்சிகளில் நீங்கள் நிற்காமல் போனால், நண்பர்கள் மட்டுமில்லை, ஏற்பாட்டாளரும் நஷ்டம் கேட்கலாம். அவற்றை முடித்துக் கொடுத்துவிட்டு விலகுங்கள்.

நால்வரும் ஒரு நாள் உட்காருங்கள். அந்த மொட்டைமாடியிலேயே. பதினான்கு பாட்டையும் வரிசையாக எழுதி, வரி யாருடையது, மெட்டு யாருடையது, பணம் வந்தால் எப்படிப் பங்கு என்று குறியுங்கள். மேடையில் உங்கள் வரிகளைப் பாட அவர்களுக்கு எழுத்தில் அனுமதி கொடுங்கள். பதிலுக்கு, பேண்டின் கதையைத் தழுவி நாவல் எழுத ஆட்சேபணை இல்லை என்று அவர்கள் எழுதிக் கொடுக்கட்டும். யூடியூப் சேனலின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள், பாதிச் சண்டை அதில்தான் வருகிறது. பேண்டின் பெயரை இதுவரை யாரும் டிரேட்மார்க்காகப் பதியவில்லை. டிரேட்மார்க் பதிவில் இசை நிகழ்ச்சிகளுக்கு 41-ஆம் வகுப்பு. தொடர்ந்து நடத்தப்போகிறவர்கள் அவர்கள் என்றால் அவர்களே பதியட்டும், நீங்கள் குறுக்கே நிற்காதீர்கள். இரண்டு பக்கத்தில் எழுதி, நால்வரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு ஒரு பிரதி.

கடிதம் முழுக்க நீங்கள் இசை நிறுவனத்தைப் பற்றியும் பதிப்பகத்தைப் பற்றியும்தான் பயப்படுகிறீர்கள். பதினோரு வருடம் கூட இருந்த மூன்று பேரிடம் இன்னும் நாவலைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. நீங்கள் முதலில் செய்ய வேண்டிய வேலை அதுதான், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

45,000 ரூபாயும் ‘எல்லா உரிமைகளும்’

காசு கொடுத்து அச்சடிப்பது குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் அச்சுச் செலவு முழுக்க உங்களுடையது என்றால் உண்மையில் பதிப்பாளர் நீங்கள்தான், அவர் உங்களுக்கு அச்சுவேலை செய்துகொடுப்பவர். அப்படிப்பட்டவருக்கு ‘நூலின் எல்லா உரிமைகளும், எல்லா வடிவங்களிலும், நிரந்தரமாக’ எதற்கு? அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். முதலில், காசு கேட்காத பதிப்பகங்களுக்குக் கைப்பிரதியை அனுப்புங்கள். ஆறு மாதமாவது பொறுங்கள். மூன்று வருடம் எழுதியவருக்கு ஆறு மாதம் பெரிதில்லை. நெல்லைப் புத்தகத் திருவிழாவில் கடை கடையாக நின்று, யார் என்ன மாதிரி நாவல் போடுகிறார்கள் என்று பாருங்கள்.

எந்தப் பதிப்பகம் ஆனாலும் அச்சு, மின்னூல், ஒலிப்புத்தகம், மொழிபெயர்ப்பு, சினிமா ஐந்தையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். அச்சு உரிமையை மட்டும் மூன்று அல்லது ஐந்து வருடத்துக்குக் கொடுத்தால் போதும். சினிமா உரிமை உங்களிடமே இருக்கட்டும். ராயல்டி சதவீதம், வருடத்துக்கு ஒருமுறை கணக்கு, புத்தகம் கையிருப்பில் இல்லாமல் இத்தனை மாதம் போனால் உரிமை திரும்பி வரும் என்ற வரி, இவை மூன்றும் கட்டாயம். பதிவு செய்தால்தான் பதிப்புரிமை என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். எழுதிய கணமே உரிமை வந்துவிடுகிறது. உங்கள் ஆயுள் முழுக்கவும், அதற்கு அப்புறம் 60 வருடமும் அது இருக்கும். பதிவு என்பது ஒரு நல்ல சாட்சி, அவ்வளவுதான். கட்டணம் 500 ரூபாய். செய்வதானால் செய்யுங்கள். கைப்பிரதியை உங்களுக்கே பதிவுத் தபாலில் அனுப்பிப் பிரிக்காமல் வைப்பதெல்லாம் தேவையில்லை.

பணத்தையும் பேசிவிடுவோம். 300 ரூபாய் புத்தகம், பத்து சதவீத ராயல்டி என்றால் ஒரு பிரதிக்கு 30 ரூபாய். ஆயிரம் பிரதி விற்றால் 30,000. மூன்று வருட உழைப்புக்கு அதை வகுத்தால் மாதத்துக்கு 900 ரூபாய்கூட வராது. நீங்கள் கிட்டார் வகுப்பில் மாதம் 14,000 சம்பாதிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வகுப்புதான் உங்கள் அடுத்த நாவலுக்குச் சோறு போடும். கிட்டாரை விற்றுவிட்டு எதை வைத்துச் சொல்லிக்கொடுப்பீர்கள்? விற்க வேண்டாம். வீட்டில் அவர்களிடமும் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். ‘அவளுக்குப் புரியாது’ என்ற வரியை நான் ஏற்கவில்லை. மூன்று வருடம் நீங்கள் ராத்திரி ராத்திரியாக எழுத, மகளைத் தூங்கவைத்தது யார்?

ஏழாம் அத்தியாயம்

கடைசியாக, எனக்கு உண்மையிலேயே கவலை தருகிற இடம். டிரம்மரின் காதல் கதை ஏழாம் அத்தியாயத்தில் வருகிறது. “பெயரை மாற்றிவிட்டேன், ‘பாத்திரங்கள் அனைத்தும் கற்பனையே’ என்றும் போட்டுவிட்டேன், அதோடு எழுதியதெல்லாம் உண்மை, உண்மைக்கு யார் கேஸ் போட முடியும்” என்று கேட்கிறீர்கள்.

மூன்றுமே காப்பாற்றாது. இடது கையால் வாசிக்கும் டிரம்மர், ஜங்ஷன் பக்கம் செல்போன் கடை, பேண்டின் முதல் மேடை எந்தக் கல்லூரி என்பது வரை அப்படியே இருக்கிறது. பெயர் எதுவானாலும் நெல்லையில் பத்துப் பேராவது ஆளைச் சொல்லிவிடுவார்கள். படிக்கிறவருக்கு இன்னார் என்று புரிந்தால் போதும், அவதூறுக்கு அதுவே அடிப்படை. ‘கற்பனையே’ என்ற வரியால் அதை மறைக்க முடியாது. உண்மையும் தனியாக நிற்காது. குற்றவியல் அவதூறில், இப்போது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு, உண்மையாக இருந்தால் மட்டும் போதாது, அதை வெளியிட்டது பொதுநன்மைக்காகவும் இருக்க வேண்டும். தண்டனை இரண்டு வருடம் வரை போகலாம். சிவில் வழக்கும் தனியாக வரலாம். டிரம்மர் உங்கள் நண்பர். அச்சுக்குப் போகும் முன் அந்த அத்தியாயத்தை அவரிடம் கொடுங்கள். ‘இது வேண்டாம்லே’ என்று ஒரு பத்தியைக் காட்டினால் எடுத்துவிடுங்கள். எழுத்தில் சம்மதம் வாங்கி வையுங்கள்.

சாதியைப் பற்றி எழுதலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எழுதுங்கள். அந்தக் காதல் ஏன் முறிந்தது என்பதைச் சாதியைச் சொல்லாமல் எழுதினால் அது பொய்க் கதை. ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எதிர்ப்பு கிளம்பிய பெருமாள்முருகன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஜூலை 5-ஆம் தேதி எழுத்தாளர் பக்கம் நின்றது, அவரை மறுபடியும் எழுதச் சொன்னது. எதிர்த்தவர்களையும் அவரையும் உட்காரவைத்து அதிகாரிகள் நடத்திய அமைதிக் கூட்டத்தில் வாங்கிய கையெழுத்து அவரைக் கட்டுப்படுத்தாது என்றும் சொன்னது. ஆனால் 2015 ஜனவரியில் அந்தக் கையெழுத்து வாங்கியதிலிருந்து தீர்ப்பு வரை ஒன்றரை வருடம் அவர் பட்டதை யாரும் திருப்பித் தர முடியாது. அதனால் கிராமத்தின் பெயரை மாற்றுங்கள், தெருவை மாற்றுங்கள், கோயில் கொடையில் நடக்கிற காட்சியை வேறோர் இடத்துக்குக் கொண்டுபோங்கள். நாவலின் உயிர் அந்தப் பெயர்ப்பலகையில் இல்லை.

அந்தப் பெண்ணைத்தான் நான் அதிகம் நினைக்கிறேன். டிரம்மருக்கு அது பழைய காதல், உங்களுக்கு ஓர் அத்தியாயம். அவருக்கு இப்போது வேறு ஊரில் கணவர், குழந்தைகள், மாமியார் வீடு எல்லாம் இருக்கிறது. நம்ம பக்கத்தில் சாதி தாண்டிய காதல் என்று ஒரு பெண்ணின் பெயர் வெளியே வந்தால் என்னென்ன நடந்திருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணம் ஆகிப் பத்து வருடம் ஆனாலும் அந்த ஆபத்து போய்விடாது. “நேரில் போய் அவரிடமே அனுமதி கேட்கப் போகிறேன்” என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். போகாதீர்கள். போன் பண்ணாதீர்கள். யார் மூலமும் சொல்லி அனுப்பாதீர்கள். உங்கள் வாகனம் அந்த வாசலில் நிற்பதே அவருக்குக் கேடு. அனுமதி கேட்பதற்குப் பதில், அடையாளமே தெரியாதபடி ஆளை மாற்றுங்கள். படிப்பு, வேலை, வயது, கூடப் பிறந்தவர்கள், சந்தித்த இடம், எல்லாவற்றையும். முடிந்தால் அவரை வேறொரு பையனின் காதலியாக்குங்கள். முழுதாக மறைந்துவிட்டாரா என்று சோதிக்க, அந்தக் காலத்தில் உங்களைத் தெரிந்த ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, இது யாரென்று தெரிகிறதா என்று மட்டும் கேளுங்கள்.

அவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்று கடிதத்தின் நான்காம் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். அந்த வரியைக் கறுப்பு மையால் அழித்துவிட்டுத்தான் உங்கள் கடிதத்தை ஃபைலில் வைத்திருக்கிறேன். கைப்பிரதியிலும் ஊர்ப்பெயர் அப்படியே இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.